வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம்

அப்பா ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே, இயந்திரத்தில் ஏறும் முன் எடை எவ்வளவு, இறங்கிய பின் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று தேதி போட்டு அவரே எழுதிவந்தார். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஐந்து ஆண்டுகள் அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் அவரோடு போய்வந்தேன். போர்ச் செய்திகளை நான் படிக்கும் விதத்தை அந்த நோட்டுதான் மாற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சனிக்கிழமை, அப்பா இயந்திரத்தில் ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தபோது, மையத்தில் மின்சாரம் போய்விட்டது. சில நொடிகளில் உயிர்பெற வேண்டிய ஜெனரேட்டர் அன்று கிளம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கின. உள்ளே இருக்கும் பேட்டரி சிறிது நேரம்தான் தாங்கும். அதற்குள், உடம்புக்கு வெளியே குழாய்களிலும் வடிகட்டியிலும் இருக்கும் இரத்தத்தைத் திரும்ப உள்ளே செலுத்திவிட வேண்டும். ஓட்டம் நின்றால் இரத்தம் உறைந்துவிடும், உறைந்த இரத்தத்தை எறியத்தான் முடியும். மூத்த செவிலியர் ஒருவர் இயந்திரத்தோடு இருந்த சிறிய கைப்பிடியை எடுத்து, பம்பின் நடுவில் பொருத்தி, கிணற்று இராட்டினத்தைச் சுற்றுவதுபோல நிதானமாகச் சுற்றினார். கைப்பேசியின் வெளிச்சத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். குழாயில் இருந்த அடர்சிவப்பு மெல்ல மெல்ல வெளிறி உப்புநீராக மாறும்வரை அவர் கை நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு டம்ளர் இரத்தம். அதன்பின் அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.

அன்று யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு மணி நேரம்தான். ஞாயிறு விடுமுறை, திங்கள் இன்னொரு குழுவின் முறை, இடமில்லை. செவ்வாய்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஞாயிறு இரவு அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் நுரையீரலில் நீர் ஏறி மூச்சு முட்டியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து அதில் நெற்றியைச் சாய்த்தபடி விடியும்வரை இருந்தார். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் நீரோடு பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகும். அது ஓர் அளவைத் தாண்டினால் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் இதயம் நின்றுவிடும். வாரத்துக்கு மூன்று முறை செய்துகொள்பவர்களுக்கு நடுவில் வரும் இரண்டு நாள் இடைவெளியின் முடிவில்தான் மரணங்கள் அதிகம் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பழுதான ஒரு ஜெனரேட்டர் எங்கள் வீட்டில் செய்த வேலை இது.

அந்த இரவுக்குப் பிறகு, ஏதாவது ஒரு நாட்டில் மின்நிலையம் தாக்கப்பட்டது, குடிநீர்க் குழாய் உடைக்கப்பட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், அதன் கடைசி வரியில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று முடித்திருந்தால், என்னால் அதை அப்படியே ஏற்க முடிவதில்லை. அந்த ஊரில் இன்று செவ்வாயா, வியாழனா, யாருடைய முறை என்றுதான் மனம் கேட்கிறது.

ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது வீணாகப் போவது தனி. வடிகட்டி, ஊசி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், தேர்ந்த செவிலியர், அவர் வந்துசேர ஒரு சாலை, நோயாளி வந்துசேர ஒரு வண்டி என்று ஒவ்வொன்றும் அதே நாளில், அதே நேரத்தில் சேர வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. காஸாவில் 2023 அக்டோபருக்குப் பின், இயங்கிக்கொண்டிருந்த சில மருத்துவமனைகளில் நோயாளிகளின் கூட்டம் தாங்காமல், நான்கு மணி நேரத்தை இரண்டு மணியாகவும், வாரத்துக்கு மூன்று முறையை இரண்டாகவும் குறைத்தார்கள். இதைப் படித்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவின் நாற்காலி என் கண்முன் வந்து நின்றது. அப்படி இறந்தவர்களின் உடலில் குண்டுக் காயம் எதுவும் இருக்காது. இறப்புச் சான்றிதழ் எழுத ஒருவர் இருந்தால், சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதியிருப்பார். அது மருத்துவத்தின்படி சரியும்கூட.

போர் என்றதும் நாம் காயத்தை நினைக்கிறோம். ஆனால் உடல்நலம் என்று நாம் சொல்லுவதில் பெரும்பகுதி, குறித்த நேரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் சின்னச் சின்னக் காரியங்கள்தான். காலையில் ஒரு மாத்திரை, மாதத்தில் ஒருநாள் பரிசோதனை, ஒன்றரை மாதத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி, தினமும் கொதித்து ஆறிய நீர், இரவில் தடையில்லாத தூக்கம். போர் முதலில் கைவைப்பது இந்த வரிசையின் மேல். அது அறுந்தபின் உடம்பு தாக்குப்பிடிக்கும் காலம் ஒருவருக்கு ஒரு வாரம், இன்னொருவருக்கு ஒரு வருடம்; அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் போர்களிலும் அதிகம் பேரைத் தொடுவது அதுதான். 1991 ஜனவரி 17 அன்று ஈராக்கின் மீது விமானத் தாக்குதல் தொடங்கியபோது மின்நிலையங்கள் முக்கிய இலக்குகளாக இருந்தன. மின்சாரம் நின்றதும் நீரேற்று நிலையங்கள் நின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களும் நின்றன. கழிவு ஆற்றில் கலந்தது. அதே ஆற்றிலிருந்து மக்கள் குடத்தில் மொண்டார்கள். மார்ச் மாதம் ஐ.நா. சார்பில் மார்ட்டி அஹ்டிசாரி அங்கே சென்று பார்த்துவிட்டுக் கொடுத்த அறிக்கை, இந்தச் சங்கிலியைத் தெளிவாகச் சொன்னது. பாக்தாத்தில் பெரும்பாலான வீடுகள் இடியாமல் நின்றன. ஆனால் அந்த வீடுகளின் குழாய்களில் வந்த நீர் நம்பத் தகுந்ததாக இல்லை.

ஏமனில் 2016 அக்டோபரில் காலரா தோன்றியது. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் கட்டுக்கடங்காமல் பெருகி, 2017 முடிவதற்குள் நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காலராவில் இறப்பது எவ்வளவு அநியாயம் என்பது அதன் சிகிச்சையைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். சுத்தமான நீரில் சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை நேரத்தில் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். மிகவும் தளர்ந்தவர்களுக்கு மட்டும் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். ஏமனில் நீரேற்றும் பம்புகளுக்கு டீசல் இல்லை, குப்பை அள்ளுவோருக்குச் சம்பளம் இல்லை, ஏறக்குறைய 30,000 சுகாதாரப் பணியாளர்கள் மாதக்கணக்கில் ஊதியம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். ஊதியம் இல்லாமலும் வேலைக்கு வந்தவர்களைப் பற்றி எங்கேயும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

நீண்டகாலப் போர் நடந்த 16 நாடுகளின் இறப்புக் கணக்கை வைத்து யுனிசெஃப் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கெல்லாம் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நேரடி வன்முறையில் இறக்கும் வாய்ப்பைவிட, சுத்தமில்லாத நீராலும் சுகாதாரக் குறைவாலும் வரும் வயிற்றுப்போக்கில் இறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இருபது மடங்குக்கும் மேல். நீர் தேடிப் போவதே மரணமாகவும் முடியலாம். போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரிவரை முற்றுகையில் இருந்தது. வீட்டுக் குழாய்கள் வற்றிப்போனதால் மக்கள் கேன்களைத் தூக்கிக்கொண்டு அடிபம்புகளுக்கும் ஊற்றுகளுக்கும் வரிசை கட்டினார்கள். 1993 ஜூலையில், தோப்ரின்யா என்ற குடியிருப்புப் பகுதியில் அப்படி நின்ற வரிசையின்மேல் மோர்டார் குண்டு விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்பு அறையில் எனக்கு ஓர் அக்கா பழக்கமானார். யாழ்ப்பாணத்துக்காரர், அவருடைய கணவருக்கும் எங்கள் குழுவில்தான் முறை. நான்கு மணி நேரம் என்பது நீண்ட பொழுது. முதல் சில மாதங்கள் நாங்கள் மருந்துகளைப் பற்றி மட்டும் பேசினோம். மின்சாரம் போன அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் அவர் 1990களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வடக்குக்கு மின்சாரம் நின்றுபோன, மண்ணெண்ணெய், பேட்டரி, சவர்க்காரம் போன்ற பொருள்கள் பொருளாதாரத் தடையால் அரிதாகிப்போன காலம் அது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்த விளக்கைப் பற்றிச் சொன்னார். போத்தலின் சுவர் காற்றைத் தடுக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பிள்ளைகள் ஒரு பாடத்தைப் படித்து முடிப்பார்களாம். துணி வெளுக்கப் பனம்பழத்தைப் பிசைந்ததையும் சொன்னார்.

"தம்பி, குண்டுக்குப் பயந்தது நாள்பட நாள்படக் குறைஞ்சு போச்சுது. அம்மான்ர இன்சுலின் பழுதாப் போயிடுமோ எண்ட பயம் மட்டும் ஒரு நாளும் குறையேல்லை" என்றார்.

அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய். குளிர்சாதனப் பெட்டி இருந்தது, மின்சாரம் இல்லை. அது துணி வைக்கும் அலுமாரியாகிவிட்டது. ஒரு பெரிய மண்சட்டியில் மணலைப் போட்டு நீர் தெளித்து, அதற்குள் சின்னப் பானையைப் புதைத்து, இன்சுலின் குப்பியைப் பாலித்தீனில் சுற்றி அந்தப் பானைக்குள் வைப்பார்கள். காலையும் மாலையும் மணலுக்கு நீர் தெளிப்பது அக்காவின் பொறுப்பு. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. பதுங்குகுழிக்கு ஓடும்போது அந்தச் சின்னப் பானையைத்தான் முதலில் கையில் எடுப்பாராம். இதை அவர் சொல்லி வெகுநாள் கழித்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். கென்யாவின் தகாஹலே அகதி முகாமில் பதிவான வெப்பநிலை ஏற்ற இறக்கங்களை ஆய்வகத்தில் உண்டாக்கிச் சோதித்ததில், 25 முதல் 37 டிகிரி வரையிலான வெப்பத்தில் இன்சுலின் நான்கு வாரம்வரை வீரியம் குறையாமல் இருந்தது. அதாவது, தினமும் ஊசிக்காகப் பல மைல் நடந்து மருத்துவமனைக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஆதாரம். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் செய்தது சரிதான் என்ன" என்று மட்டும் கேட்டார். முப்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவர் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பட்டினி உடம்பில் எழுதுவது இன்னும் நீண்ட காலம் அழியாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சூழ்ந்துகொண்ட ரஷ்ய நகரமான லெனின்கிராத்தின் முற்றுகையில், 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதோருக்கும் குழந்தைகளுக்கும் ஒருநாள் ரொட்டி 125 கிராம். அதிலும் மாவு முழுதாக இல்லை. மிக மோசமான மாதங்கள் கடந்து உணவு ஓரளவு கிடைக்கத் தொடங்கியபின், மருத்துவமனைகளில் உயர் இரத்த அழுத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியதை மருத்துவர்கள் கண்டார்கள். நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1944–45 குளிர்காலத்தில் வந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பஞ்சத்தின்போது கருவான பிள்ளைகளுக்கு நடுவயதில் சர்க்கரைக் கோளாறும் இதய நோயும் கூடுதலாக வந்தன. மனச்சிதைவு நோயும் அவர்களிடையே அதிகமாக இருந்தது. ஒரு முற்றுகையைக் கண்ணால் பார்த்திராத மனிதர், ஐம்பது வயதில் தன் மருந்துச் சீட்டில் அதைச் சுமக்கிறார்.

குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தின் கதை வேறுவிதம், ஏனென்றால் அதில் மனிதர்கள் நல்லபடியாக நடந்துகொண்டதற்கும் சான்று உண்டு. 1985இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, அரசும் கிளர்ச்சியாளர்களும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக மூன்று நாள்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். 'அமைதி நாள்கள்' என்ற அந்த வழக்கம் பின்னர் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. அப்படி இடைவெளி கிடைக்காத இடங்களில் நடந்ததும் நமக்குத் தெரியும். சிரியாவில் 1999க்குப் பின் காணாமல் போயிருந்த போலியோ, 2013இல் தேய்ர் எஸ்-ஸோர் பகுதியில் திரும்பி வந்தது. காஸாவில் 2022இல் 99 விழுக்காடு குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்கப்பட்டிருந்தது; பணக்கார நாடுகள் பலவும் எட்டாத அளவு அது. இரண்டே ஆண்டுகளில், 2024 ஆகஸ்டில், ஒரு சொட்டுகூட மருந்து கிடைத்திராத பத்து மாதக் குழந்தையின் கால் செயலிழந்தது. 25 ஆண்டுகளில் அங்கே அதுவே முதல் போலியோ. செப்டம்பர் 1 அன்று, பகுதி பகுதியாகச் சண்டையைச் சில மணி நேரம் நிறுத்தி மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். சில நாள்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சொட்டு மருந்துக்காகச் சண்டையை நிறுத்த முடிகிறது என்றால், மற்றவற்றுக்கும் நிறுத்த முடியும் என்பதே அதன் பொருள் என்று நான் நினைக்கிறேன். முடியாது என்று சொல்பவர்கள் அந்தச் செப்டம்பரை விளக்க வேண்டும்.

கண்ணிவெடியில் காலை இழந்த குழந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக் கால் பொருத்திய படத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் குழந்தை வளரும். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை புதிய கால் அளவெடுக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட இடத்தில் எலும்பு தோலைவிட வேகமாக வளர்ந்து நுனியைக் குத்தும். அதைத் திரும்ப அறுவை செய்து குறைக்க வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுக்குள் அந்தப் பிள்ளை எத்தனை முறை பட்டறைக்குப் போய்வர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இதுவும் ஒரு நோட்டுத்தான்.

மனதின் கணக்கு இன்னும் கடினம். போர் நடந்த இடங்களில் வாழ்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு போன்ற ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. நான் அறிந்தது அக்காவின் தண்ணீர் டிரம் மட்டுமே. குழாயில் இரவும் பகலும் நீர் வரும் வீட்டில், குளியலறை மூலையில் ஒரு நீல டிரம் எப்போதும் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். ஒரு சொம்பு குறைந்தாலும் நிரப்பிவிட்டுத்தான் அவர் படுப்பார். அதைப் பற்றி அவருடைய பிள்ளைகள் எதுவும் பேசுவதில்லை, அவர்களே நிரப்பிவிடுகிறார்கள். உக்ரைனில் 2022 அக்டோபர் முதல் மின்கட்டமைப்பு தாக்கப்பட்டபோது, கீவ் நகர அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டுக்குள் ஒரு பெட்டியில் தண்ணீரும் டார்ச்சும் மாத்திரையும் வைத்த படங்கள் வந்தன. நடுவில் மின்சாரம் போனால் சிக்கிக்கொள்பவருக்காக, முகம் தெரியாத அண்டை வீட்டார் வைத்தது. அந்தப் படத்தைக் காட்டியபோது அக்கா கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கி, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

காங்கோவில் 1998 முதல் 2007 வரை நடந்ததை ஆராய்ந்த சர்வதேச மீட்புக் குழு, போர் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்காத இறப்புகள் 54 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை அதிகம் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டக்குறை ஆகியவற்றால் போனார்கள் என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி. எந்தப் படையும் அவர்களைச் சுடவில்லை. அதனாலேயே, அவர்களுக்காக யாரும் பதில் சொல்ல வேண்டியதாக இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு, பொதுமக்கள் உயிர்வாழத் தேவையான உணவு, பயிர், கால்நடை, குடிநீர் நிலையங்கள் ஆகியவற்றை அழிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் மின்நிலையத்தின் பெயர் இல்லை. பட்டியல் எடுத்துக்காட்டுக்காகத்தான் என்றாலும், மின்சாரம் இல்லாத குடிநீர் நிலையம் வெறும் கட்டடம் என்பதை அதில் எழுதியிருக்கலாம். மருத்துவமனைகளைத் தாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 2016 மே மாதம் 2286ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் சிரியாவிலும் உக்ரைனிலும் காஸாவிலும் சூடானிலும் மருத்துவமனைகள் தாக்கப்பட்டன.

அப்பா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோட்டு என் மேசையில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன: தேதி, முன் எடை, பின் எடை, அழுத்தம். அந்தச் சனிக்கிழமைக்கான வரியில் முன் எடை 61.4 என்று இருக்கிறது. பின் எடைக்கான கட்டத்தில் எண் இல்லை. "கரண்ட் இல்லை, ஒரு மணி நேரம்" என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்து, டயாலிசிஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் போட்டிருக்கிறார். அந்த வரியில் எடையும் இல்லை, அழுத்தமும் இல்லை. "உட்கார்ந்தே இருந்தேன்" என்று மட்டும் இருக்கிறது.